அமிர்தாஞ்சன்: புரூஃப் மேசையிலிருந்து ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவன் இல்லை, யாரும் இந்தச் சீசாவை ஓசியில் கொடுத்து எழுதச் சொல்லவும் இல்லை. எனக்குத் தலைவலி வரும், அவ்வளவுதான் என் தகுதி. அதுவும் வியாழக்கிழமை ராத்திரி தவறாமல் வரும். அன்றைக்குத்தான் எங்கள் பகுதியின் இலவச வாரப் பத்திரிகைக்கு நான் புரூஃப் பார்ப்பது. மயிலாப்பூர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் எல்லாம் பார்த்திருப்பீர்கள், அந்த ஜாதிதான், ஆனால் இன்னும் சின்னது. எட்டுப் பக்கம், பாதிக்கு மேல் விளம்பரம், அதிலும் கடைசி இரண்டு பக்கம் பொடி எழுத்தில் வரி விளம்பரங்கள். "இரண்டு பெட்ரூம், மெட்ரோ தண்ணி, சைவம் மட்டும்" என்று நூற்றுச் சொச்சம் வரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு போன் நம்பர். நம்பரில் ஓர் இலக்கம் தப்பினால் சனிக்கிழமை காலை யாரோ ஒரு பாட்டிக்கு நாற்பது பேர் போன் செய்து வீடு காலியா என்று கேட்பார்கள். பதினோரு மணி தாண்டும்போது இடது பொட்டில் விண்ணென்று ஆரம்பிக்கும். கை தானாக மேசை இழுப்பறைக்குப் போகும். உள்ளே அந்த மஞ்சள் சீசா இருக்கும்.

பத்திரிகையை நடத்துகிற சாரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இந்த விமர்சனமே அவர் ஆரம்பித்து வைத்ததுதான். பெயர் போட்டால் மனிதர் கோபித்துக்கொள்வார், அதனால் சார் என்றே வைத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் விளம்பர வசூல்: பாத்திரக்கடை, டியூஷன் சென்டர், பல் டாக்டர், கேட்டரிங். நோட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் செலவு. அதில் அச்சுக்கூலிக்கும் பேப்பருக்கும் நடுவில் "ப்ளஸ் டூ பெண் பீஸ்", "டயாலிசிஸ் ஆட்டோ", "இஸ்திரி வண்டிக்காரர் கண்ணாடி" என்று வரிகள் வரும். முன்னும் பின்னும் எழுதிக்கொண்டே வந்து நோட்டின் நடுவில் எங்கேயோ இரண்டும் சந்திக்க வேண்டும். சில மாதம் பின்பக்கம் முன்பக்கத்தைத் தாண்டி வந்துவிடும், அப்போது எனக்குச் சம்பளம் தள்ளிப்போகும். நானும் அதைப் பெரிதாகக் கேட்டதில்லை, அது வேறு கதை.

ஒரு வியாழன் ராத்திரி நான் பொட்டில் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு சார் சொன்னார்: "தம்பி, நீ தேய்ச்சுக்கறது ஒரு பத்திரிகைக்காரரோட மருந்து, தெரியுமா? அந்தக் காசுலதான் மனுஷன் பத்திரிகையே நடத்தினார்." எனக்குத் தெரியாது. அமிர்தாஞ்சனுக்கு ஒரு முதலாளி இருந்திருப்பார் என்றுகூட நான் யோசித்ததில்லை. அது என்னவோ வேப்பமரம் மாதிரி எப்போதும் இருப்பது என்ற நினைப்பு.

சரி, முதலில் பொருள். அப்புறம் முதலாளி.

சின்னக் கண்ணாடிச் சீசா. திறந்ததும் மூக்குக்குள் ஏறுகிற அந்த வாசனையை எழுத்தில் சொல்ல முயல்வது வீண். நம்மில் பாதிப் பேருக்கு அது வீட்டில் காய்ச்சலாகக் கிடந்த ஒருவரின் வாசனை. புதினா உப்பு, கற்பூரம், நீலகிரித் தைலம், விண்டர்கிரீன் எண்ணெய் என்று இந்த வகைத் தைலங்களுக்கே உரிய சரக்குகள்தான். பட்டாணி அளவுகூட வேண்டாம், விரல் நுனியில் ஒட்டுகிற அளவு போதும். பொட்டில் வைத்துச் சுழித்துத் தேய்த்தால் முதல் நிமிஷம் குளிர்ச்சி, பிறகு மெல்லச் சூடு. இந்தக் குளிர்ச்சி நிஜக் குளிர்ச்சி இல்லை. தோலில் குளிரை உணர்கிற நரம்பு முனைகளைப் புதினா உப்பு தட்டி எழுப்புகிறது, மூளை அங்கே ஐஸ் வைத்ததாக நம்பிக்கொள்கிறது. வலி அங்கேயேதான் இருக்கும், ஆனால் மூளையின் கவனம் கொஞ்ச நேரம் வேறு பக்கம் போகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் வரி விளம்பரப் பக்கத்தை முடித்துவிடலாம். என் அனுபவத்தில் அரைமணி, நல்ல நாளாக இருந்தால் முக்கால்மணி.

விண்டர்கிரீன் எண்ணெயில் இருக்கிற மீதைல் சாலிசிலேட் என்ற பொருள் ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். அதனால் இதை வெறும் வாசனைப் பொருள் என்று நினைத்து வாரி அப்பக் கூடாது. காயத்தின் மேல் போடக் கூடாது, தேய்த்த இடத்தில் ஹீட்டிங் பேட் வைக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு மூக்கடைப்பு என்றால் வீட்டில் யாராவது ஒருவர் உடனே இந்த மாதிரித் தைலத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கற்பூரம் சேர்ந்த எதையும் சின்னக் குழந்தையின் மூக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்புறம், தேய்த்த விரலால் கண்ணைக் கசக்காதீர்கள். நான் கசக்கியிருக்கிறேன், தப்பு முழுக்க என் விரலுடையது. அன்றைக்கு மரண அறிவிப்புப் பகுதியைப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். உள்ளே வந்த டீக்கடைப் பையன் இறந்துபோனவர் எனக்கு ரொம்ப வேண்டியவர் என்று நினைத்துக்கொண்டு சத்தம் போடாமல் டீயை வைத்துவிட்டுப் போனான்.

வாரக்கணக்கில் தலைவலி விடாமல் இருந்தால், வாந்தியோ பார்வை மங்கலோ கூட வந்தால், சீசாவை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். எனக்கே பாதி வலி கண்ணாடி பவர் மாற்றியதும் போனது. பொருளுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று, வலியின் காரணத்தை எந்தத் தைலமும் தொடுவதில்லை என்பதற்காக.

இப்போது முதலாளி. காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு. 1867-ல் கிருஷ்ணா மாவட்டத்தில் எலகுர்ரு என்ற ஊரில் பிறந்தவர். மசூலிப்பட்டினத்தில் பள்ளிப்படிப்பு, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. அப்புறம் கல்கத்தா, பம்பாய் என்று பிழைப்புத் தேடிப் போனார். 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனை ஆரம்பிக்கிறார். யாருக்கும் தெரியாத புது மருந்து, விற்பது எப்படி? சங்கீதக் கச்சேரிகளுக்குப் போய் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் மனிதர் படு கெட்டிக்காரர். கச்சேரி என்றால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கூட்டத்தின் புழுக்கத்தில் வேர்த்து, பாதி பேருக்காவது தலை கனத்திருக்கும். வாடிக்கையாளர் தலைவலியோடு காத்திருக்கிற இடத்துக்கே மருந்தைக் கொண்டுபோய், அதையும் காசில்லாமல் கொடுத்தால் மறுநாள் கடையில் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்களா?

வியாபாரம் பிடித்துக்கொண்டது, பணம் வந்தது. சாதாரண ஆளாக இருந்தால் இங்கே கதை முடிந்திருக்கும், இன்னொரு பங்களா, இன்னொரு குதிரை வண்டி. இவர் 1907-ல் சூரத் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போகிறார், கட்சிக்குள்ளேயே மிதவாதிகளும் தீவிரவாதிகளும் நாற்காலி செருப்பு எல்லாம் வீசிப் பிரிந்தார்களே, அந்தக் கூட்டம். திரும்பி வந்து ஓரிரண்டு வருஷத்துக்குள் பம்பாயிலிருந்து தெலுங்கில் ஒரு வாரப் பத்திரிகை கொண்டுவருகிறார், ஆந்திர பத்திரிகா. பம்பாயில் எதற்குத் தெலுங்குப் பத்திரிகை என்று நானும் கேட்டேன். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் போன தெலுங்கர்கள் அங்கே ஏராளம், காமாட்டிபுரா என்ற பெயரே அந்தக் காமாட்டித் தொழிலாளர்களால் வந்ததுதான். பிழைக்கப் போன ஊரில் சொந்த மொழியில் செய்தி படிக்க ஒரு தாள், அப்படிப் பார்த்தால் அதுவும் ஓர் ஏரியா பத்திரிகைதான், எங்கள் எட்டுப் பக்கம் மாதிரி. வருஷா வருஷம் நம் தீபாவளி மலர் போல உகாதி மலரும் போட்டிருக்கிறார்கள்.

1914-ல் பத்திரிகையை மெட்ராசுக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கினார். தைலமும் கூடவே வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது. நாளிதழ் ஆரம்பித்தவருக்குச் செய்திக்குப் பஞ்சம் இருந்திருக்காது. 1924-ல் பாரதி என்ற இலக்கிய மாத இதழ். அப்புறம் ஆந்திர கிரந்தமாலை என்ற பெயரில் புத்தக வெளியீடு, நூலகங்களுக்கு உதவி. கொமர்ராஜு லட்சுமணராவ் தொடங்கி அவர் காலமானதும் பாதியில் நின்றிருந்த தெலுங்குக் கலைக்களஞ்சிய வேலையைக்கூட இவர் கையில் எடுத்துப் பதிப்பித்தார். உப்பு சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்கும் போனார். ஆந்திர மக்கள் தேசோத்தாரகர் என்று பட்டம் கொடுத்தார்கள். காந்தி அவரை விசுவதாதா என்று அழைத்ததாகச் சொல்வார்கள், ஊருக்கெல்லாம் கொடுப்பவர் என்று அர்த்தம்.

இதில் எனக்குப் பிடித்தது பட்டங்கள் இல்லை. கச்சேரியில் ஓசியாகக் கொடுத்த அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை என்பதுதான். ஆரம்பத்தில் அது வியாபார உத்தி, சந்தேகமே இல்லை. போகப்போக உத்தி கழன்று கொடுப்பது மட்டும் மிஞ்சிவிட்டது. சார் இதை வேறு மாதிரி சொல்வார்: "விளம்பரத்துக்குன்னு கொடுக்க ஆரம்பிச்சவன் கை, அப்புறம் மூட மறந்துடும் தம்பி." அவர் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் அவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்து அதைப் போட்டோ பிடித்து முதல் பக்கத்தில் போட்டவர்தான். இப்போது போட்டோ போடுவதில்லை, நோட்டுப் புத்தகம் மட்டும் போகிறது.

தைலம் விற்று பத்திரிகை நடத்திய இன்னொருவரும் இருக்கிறார், இது நானாகக் கண்டுபிடித்தது. சிங்கப்பூர் போய் வருகிறவர்கள் கோடாலித் தைலத்தோடு கூடவே வாங்கி வருகிற டைகர் பாம், அதன் முதலாளி ஆவ் பூன் ஹாவ். ரங்கூன்காரர், பெயரிலேயே புலி உண்டு. 1920-களில் சிங்கப்பூருக்குக் கடையை மாற்றினார், 1929-ல் அங்கே சின் சியூ என்ற சீன நாளிதழ், 1938-ல் ஹாங்காங்கில் சிங் தாவ். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அவரும் அள்ளிக் கொடுத்தவர். சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் பக்கம் ஹா பார் வில்லா என்று பொம்மைகள் நிறைந்த தோட்டம் ஒன்று இருக்கிறதே, நரகத்தில் பாவிகளை எண்ணெயில் போடுகிற பொம்மையெல்லாம் வைத்து, அது அவர் கட்டியது. இரண்டு பேரும் தைலக்காரர்கள், இரண்டு பேரும் பத்திரிகை முதலாளிகள், இரண்டு பேருக்கும் ஒரு தோட்டம். ஆனால் புலிக்காரருக்குப் பத்திரிகை என்பது தைலத்துக்கு விளம்பரம் போடவும் உதவியது. நம்மவர் விஷயத்தில் தைலம்தான் பத்திரிகைக்குச் சோறு போட்டது. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், கணக்கு நோட்டைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

தோட்டம் என்றேனே, மயிலாப்பூர்க்காரர்கள் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார்கள். லஸ் சர்ச் சாலையில் இருக்கிற நாகேஸ்வரராவ் பூங்கா இவர் பெயரில்தான். நாலு ஏக்கர் சுமார், ஒரு காலத்தில் குட்டையாகக் கிடந்த இடம். இப்போது சுந்தரம் ஃபைனான்ஸ்காரர்கள் பராமரிக்கிறார்கள். காலையில் நடப்பவர்கள், செஸ் ஆடுபவர்கள், மைக் இல்லாமல் பிள்ளைகள் பாடுகிற ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி. கச்சேரியில் தைலம் கொடுத்தவர் பெயரில் உள்ள பூங்காவில் கச்சேரி, இதைச் சொன்னபோது சாருக்கே முகம் மலர்ந்தது. அமிர்தாஞ்சன் கம்பெனியின் அலுவலகமும் அதே லஸ் சர்ச் சாலையில்தான். அங்கே அவர் வீடு ஸ்ரீபாக், 1937 நவம்பர் 16-ம் தேதி கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் உட்கார்ந்து, தனி ஆந்திர மாகாணம் வந்தால் எந்தப் பகுதிக்கு என்ன என்று பேசி முடித்து, ஸ்ரீபாக் ஒப்பந்தம் போட்டது அந்த வீட்டில்தான். ஆந்திரத்தில் தலைநகரம் எங்கே, ஹைகோர்ட் எங்கே என்று சண்டை வரும்போதெல்லாம் இன்றைக்கும் அந்த மயிலாப்பூர் வீட்டுப் பெயர் அடிபடுகிறது. ஒப்பந்தம் போட்ட சில மாதங்களில், 1938 ஏப்ரலில், நாகேஸ்வரராவ் காலமானார்.

எல்லாம் சரி, சாரோடு எனக்கு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். தைலம் இன்றைக்கும் இருக்கிறது. 1936-ல் பப்ளிக் லிமிடெட் ஆன கம்பெனி, 2007-ல் பெயரை அமிர்தாஞ்சன் ஹெல்த்கேர் என்று மாற்றிக்கொண்டது, ரோல்-ஆன், சானிட்டரி நாப்கின் என்று என்னென்னவோ செய்கிறது, குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பத்திரிகை? ஆந்திர பத்திரிகா 1991-ல் நின்றுவிட்டது. பாரதியும் போய்விட்டது. இன்னொரு தொழிலின் லாபத்தில் வளர்ந்த பத்திரிகை, கொடுத்த கை போனபிறகு அரை நூற்றாண்டு ஓடியதே பெரிய விஷயம் என்று சொல்லலாம். ஆனால் நான் சாரிடம் கேட்டது வேறு: "உங்களுக்கு அந்தத் தைலமும் இல்லையே சார், பல் டாக்டர் விளம்பரம்தானே இருக்கு?" பின்பக்கத்துச் செலவு வரிகள் எல்லாம் அவர் ஒருவர் தலையில் நிற்கின்றன. ஒரு டிரஸ்ட் பதிவு செய்து, நன்கொடை கொடுப்பவர்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கொடுத்து, நாலு பேரை உள்ளே கொண்டுவந்தால் அவர் காலத்துக்குப் பிறகும் அந்த டயாலிசிஸ் ஆட்டோ ஓடுமே. சாருக்கு அதில் இஷ்டமில்லை. ரசீது புத்தகம் வந்தால் பீஸ் வாங்குகிற பெண்ணும் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டிவரும், அவள் பெயர் ஒரு லிஸ்ட்டில் ஏறும் என்கிறார். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தப்பு என்றே நினைக்கிறேன், அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

எந்த வகை வாங்கலாம் என்று கேட்பீர்கள். ஸ்ட்ராங் என்று ஒன்று வருகிறது, ரோல்-ஆன் வருகிறது. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தொந்தரவு வேண்டாம், விரலில் ஒட்டக் கூடாது என்பவர்கள் ரோல்-ஆன் எடுக்கலாம், பையில் போட்டுக்கொள்ள வசதி. நான் பழைய மஞ்சள்தான். காரணம் மருந்து சம்பந்தப்பட்டதுகூட இல்லை, விரலால் தேய்க்கிற அந்த இரண்டு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்தாக வேண்டும், பாதி நிவாரணம் அதிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரே ஒரு யோசனை, படுக்கும் முன் தேய்த்தால் தலையணைமேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வியாழன் உடம்பு சரியில்லாததால் நான் வேலைக்குப் போகவில்லை, சாரே புரூஃப் பார்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துப் பையனிடமிருந்து போன். "அண்ணே, நேத்து நீங்க பார்க்கலையா?" ஏன், ஏதாவது தப்பு விழுந்துவிட்டதா என்று பதறினேன். "தப்பெல்லாம் தெரியலண்ணே, பேப்பர்ல தைல வாசனையே இல்ல, அதான் கேட்டேன்" என்றான். உடனே அவனை வரி விளம்பரப் பக்கத்தை எடுக்கச் சொல்லி, போன் நம்பர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். மூன்று தப்பு இருந்தது.